பத்தாம் எண்ணுக்குப் பக்கத்தில் நிற்கிறவனுக்கு

அன்புள்ள மகனுக்கு,

உன் கடிதம் நேற்று மத்தியானம் வந்தது. கல்யாணத்துக்குக் கோட்டு தைக்கக் கொடுக்கலாமா, பட்டு வேட்டியே போதுமா என்று போன வாரம் எழுதிக் கேட்டிருந்தேன். தையற்காரர் இரண்டு தடவை ஆள் அனுப்பிவிட்டார். நீ நாலு பக்கம் பதில் எழுதியிருக்கிறாய்; அதில் மூன்றரைப் பக்கம் ரக்பி. வருகிற ஞாயிற்றுக்கிழமை கப்பல்காரர்களோடு ஆடப்போகும் ஆட்டத்தில் நம் ஆட்கள் பதினைந்து பேரும் எங்கெங்கே நிற்க வேண்டும் என்று படம் வேறு. சென்னையில் வரைபட ஆபீசில் வேலை பார்க்கிறவன் என்பதால் அளவுகோல் வைத்துக் கோடு போட்டு, சிவப்பு மையில் அம்புக்குறி எல்லாம் போட்டிருக்கிறாய். கல்யாணக் கோட்டைப் பற்றி ஒரு வரி கிடையாது. ரோசலியைப் பற்றிக் கடைசியில் ஒரே ஒரு வரி, 'விசாரித்ததாகச் சொல்லவும்' என்று. இன்னும் மூன்று வாரத்தில் தாலி கட்டப் போகிறவன் எழுதுகிற கடிதமா இது? கோயிலில் கல்யாண அறிவிப்பு இரண்டு ஓலை வாசித்தாகிவிட்டது. மூன்றாம் ஓலையை அந்த ஞாயிறு காலைப் பூசையில்தான் வாசிக்கப் போகிறார்கள். அன்று சாயங்காலம் நீ கட்டுப் போட்ட கையோடு உட்கார்ந்திருக்கப் போகிறாய். அதை நினைத்துத்தான் எனக்கு எரிச்சல் வருகிறது, தெரிந்துகொள்.

உன் படத்தை மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு மூன்று தடவை பார்த்தேன். பன்னிரண்டு என்று எழுதி வட்டம் போட்டிருக்கிறாயே, அது நீ. உனக்கு உள்பக்கம் பத்து, அது ரோசலியின் அப்பா. பன்னிரண்டிலிருந்து இரண்டு அம்பு புறப்படுகிறது. ஒன்று உனக்கு எதிரே வருகிறவனை நோக்கி. மற்றொன்று வளைந்து, உன் வருங்கால மாமனாரின் முன்னால் போய் நிற்கிறது. பக்கத்தில் பொடி எழுத்தில், 'மாமாவின் ஆளையும் நானே பார்த்துக்கொள்வேன்' என்று எழுதியிருக்கிறாய். எத்தனை கை உனக்கு? வலது தோள் இரண்டு தடவை நழுவியிருக்கிறது. மூன்றாம் தடவை நழுவினால் கை பழையபடி மேலே தூக்க வரும் என்று தன்னால் உறுதி சொல்ல முடியாது என்று டாக்டர் என் முன்னால்தானே சொன்னார்? அந்தக் கையால்தானே கோடு போட்டுப் பிழைக்கிறாய்? அந்த அம்பைப் போட்டதும் அந்தக் கைதானே?

பொம்பளைக்கு ரக்பியைப் பற்றி என்ன தெரியும் என்று உன் அப்பா கேட்பது போல நீயும் கேட்கலாம். ஏழு வருஷமாக உங்கள் பதினைந்து சட்டையையும் துவைக்கிறவள் நான். முதல் வருஷம் வண்ணாரிடம் போட்டதில், கல்லில் அடித்த அடியில் காலரெல்லாம் பிய்ந்து வந்தது. பிரான்சிலிருந்து வந்த தடிச் சட்டை, இங்கே வேறு கிடைக்காது. அன்றைக்கு உன் அப்பா பெருமையாக, 'எங்க வூட்டுல தொவச்சுக் குடுப்பாங்க' என்று சபையில் ஒப்புக்கொண்டு வந்து மூட்டையை என் தலையில் இறக்கினார். அன்றிலிருந்து ஒவ்வொரு ஆட்டத்துக்கும் மறுநாள் காலை என் கொல்லையில் ஊறுகிறது உங்கள் ஆட்டம் முழுவதும். யார் ஓடினான், யார் ஓடுவது போலப் பாவலா செய்தான், யார் விழுந்தான், யார் வீழ்த்தினான் என்று கயிற்றோரம் நின்று கத்துகிறவர்களைவிட எனக்கு நன்றாகத் தெரியும். முன்வரிசைக்காரர்கள் தோள் கோத்து முட்டித் தள்ளுகிறார்களே, நீங்கள் மெலே என்கிறீர்களே, அதில் நிற்கிறவர்கள் சட்டை கழுத்தோரம் கறுத்து வரும். உன் அப்பா சட்டை அப்படித்தான் வரும். ஐம்பது வயதை நெருங்குகிற மனுஷன் இன்னும் கழுத்தைக் கொடுத்து முட்டுகிறார் என்பதில் எனக்கு வருத்தமும் உண்டு, கொஞ்சம் பெருமையும் உண்டு. உன் சட்டை வலது பக்கம் அக்குளில் கிழிந்து வரும். நான் தைத்த தையலே ஒரு சாண் நீளம் இருக்கிறது.

பத்தாம் எண் சட்டை சுத்தமாக வரும். முழங்கையில் ஒரு பொட்டு புழுதி இருக்கும், அதுவும் அவர் ஆட்டம் முடிந்ததும் புல்லில் உட்கார்ந்து சுருட்டு பிடித்ததில் ஒட்டியது. அவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் அட்ஜுதானாக இருந்தவர், உன் அப்பா அவருக்குக் கீழே கப்பொராலாக இருந்தவர், சைகோனில் எட்டு வருஷம் அவர் சொல் கேட்டு உன் அப்பா நடந்தார், எல்லாம் சரி. நம் ஊரில் பிரெஞ்சுக் கொடி இறங்கியே ஏழு வருஷமாகிறது. பட்டாளம் போய், பென்ஷன் வந்து, பேரன் எடுத்தவர்கள்கூட உங்கள் அணியில் இருக்கிறார்கள். இருந்தும் யார் எங்கே ஆடுவது என்று முடிவு செய்யும்போது மட்டும் பழைய பதவிதான் பேசுகிறது. அட்ஜுதான் என்றால் பத்தாம் எண். சார்ஜன் என்றால் பின்வரிசை. கப்பொராலும் சொல்தா என்கிற சாதாச் சிப்பாயும் முன்னால் நின்று முட்ட வேண்டியது. நீயும் வைத்திக்குப்பத்துச் சூசையும் பட்டாளத்தில் சேராதவர்கள், அதனால் மிஞ்சிய இடம் உங்களுக்கு. இந்த உலகத்தில் வேறு எந்த ஊரிலும் இப்படி ஒரு அணி எடுக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

பயிற்சியின்போது நடப்பது அதைவிட வேடிக்கை. அவர் பந்தை எடுத்துக்கொண்டு ஓடி வருவார். எதிரே நிற்கிறவன் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு வருவான். பக்கத்தில் வந்ததும், கோயில் வாசலில் பெரியவர்களுக்கு வழி விடுவது போல ஒதுங்கிவிடுவான். உன் அப்பா ஒரு நாள் ஒதுங்கியதோடு நிற்காமல் 'பார்தோன்' என்று மன்னிப்பும் கேட்டார். என் காதால் கேட்டேன். மேலதிகாரியை இடுப்பில் பிடித்து மண்ணில் சாய்ப்பதா, அதுவும் வயதில் மூத்தவரை? யாருக்கும் மனசு வராது. அவர் மேல் ஒருவன் முழு வேகத்தில் வந்து இடித்தால் என்ன ஆகும் என்று அவருக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. ஆட்டத்தன்றும் பந்து கைக்கு வந்த அடுத்த நொடியே உதைத்துவிடுவார். உதை என்றால் உதைதான், அதில் குறை சொல்ல மாட்டேன். அறுபது அடி தள்ளி ஒரு துண்டை விரித்தாலும் அதன் மேல் போட்டுக் காட்டுவார். ஆனால் பந்து எதிராளி கைக்குப் போனால் மனுஷன் ஒரு கையை நீட்டிவிட்டு நிற்பார், அவ்வளவுதான். அந்த வழியாக வருகிறவனையெல்லாம் நாலு வருஷமாக நீ ஒருவனே போய்ப் பிடிக்கிறாய்.

கப்பல் போன வியாழக்கிழமை வந்து நங்கூரம் போட்டது. அன்றிலிருந்து தினமும் காலையில் படகில் இறங்கி வந்து, வைத்திக்குப்பத்துக்கு அந்தாண்டை மணலில் பயிற்சி செய்கிறார்கள். நான் பூசை முடிந்து நேரே வீட்டுக்கு வராமல் மீன் வாங்கப் போகிறேன் என்று அங்கே போய் நிற்கிறேன். ஐந்து நாளாக வீட்டில் மீன் குழம்புதான், உன் அப்பா ஏன் என்று இன்னும் கேட்கவில்லை. வலை உலர்த்துகிறவர்கள் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்துச் சிரிக்கிறார்கள். நான் சிரிக்கவில்லை, எண்ணிக்கொண்டிருந்தேன். அவர்கள் முன்வரிசை உயரம், ஆனால் நிமிர்ந்து நின்று தள்ளுகிறார்கள். நம்மவர்கள் குட்டை, கீழே போய் முட்டுவார்கள். மெலேயில் உன் அப்பா கூட்டம் தோற்காது. பந்தைக் கோட்டுக்கு வெளியிலிருந்து எறிந்து குதித்துப் பிடிக்கும்போது அவர்கள்தான் பிடிப்பார்கள், அதற்கு ஒன்றும் செய்ய முடியாது, வளரவா முடியும். ஓரத்தில் ஓடுகிறவர்கள் இரண்டு பேரும் நம் ஆட்களைவிட மெதுவு. உதைத்துப் போட்டால் அவர்களுடைய கடைசி ஆள் வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பந்தைத் தவற விடுகிறான். மூன்று தடவை பார்த்தேன். அதனால் அட்ஜுதான் உதைக்கிற ஒவ்வொரு பந்தும் நமக்கு லாபம்.

ஆனால் அவர்களுடைய பன்னிரண்டு இருக்கிறானே, செம்பட்டை முடிக்காரன், அவனைச் சொல்ல வேண்டும். நம் வீட்டு நிலைவாசலில் பக்கவாட்டில் திரும்பித்தான் நுழைவான். அவன் நேர் எதிரே நிற்கிற உன் மேல் ஓட மாட்டான். உள்பக்கம் வளைந்து, பத்தாம் எண் மேல்தான் ஓடுகிறான். ஐந்து காலையும் அதே ஓட்டம், அதே கோணம். போன தடவை வந்த கப்பல்காரர்கள் இவர்களுக்குச் சொல்லியிருக்கிறார்களோ என்னவோ. அவனைப் பிடிக்க நீ உள்ளே திரும்ப வேண்டும். திரும்பினால் தோளைக் கொடுக்க நேரம் இருக்காது, கையைத்தான் நீட்டுவாய். முதல் தடவை நழுவியதும் நீட்டிய கை, இரண்டாம் தடவை நழுவியதும் நீட்டிய கை. நீ பயந்தவன் என்று நான் சொல்லவில்லை. உன் இடத்தில் நின்று, உனக்கு எதிரே வருகிறவனைத் தோள் கொடுத்து நீ சாய்ப்பதை நான் பார்த்திருக்கிறேன், ஒரு கீறல் கூட விழாது. இன்னொருவருடைய இடத்துக்குப் போய் அவசரமாகக் கையை நீட்டும்போதுதான் நீ உடைகிறாய். அந்த வளைந்த அம்பைப் பார்த்ததும் எனக்கு ஏன் ஆத்திரம் வந்தது என்று இப்போது புரிகிறதா?

இதற்கு வழி இல்லாமல் இல்லை. அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டே கண்டுபிடித்தேன். பந்து நம்மிடம் இருக்கும்போது அவர் பத்தாம் இடத்திலேயே இருக்கட்டும், உதைக்கட்டும், கட்டளை போடட்டும். பந்து அவர்களிடம் போனதும் அவர் கடைசி ஆளாகப் பின்னால் போய் நிற்க வேண்டும். அங்கே நிற்கிற சூசை முன்னால் வந்து உன் பக்கத்தில் நிற்க வேண்டும். சூசை தினமும் வலை இழுக்கிறவன், செம்பட்டை முடிக்காரன் என்ன, கட்டுமரமே வந்தாலும் கட்டிப் பிடிப்பான். பின்னால் நிற்கிற அட்ஜுதான், அவர்கள் உதைத்துப் போடுவதைப் பிடித்து இரண்டு மடங்கு தூரம் திருப்பி உதைப்பார். எல்லாருக்கும் நல்லது. உன் அப்பாவிடம் இதைச் சொன்னேன். அவர் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார். நன்றாகத்தான் இருக்கிறது என்றார். சரி, போய்ச் சொல்லுங்கள் என்றேன். "அட்ஜுதானைப் பாத்து, நீங்க பின்னால போங்கன்னு நான் சொல்றதா? நல்லா சொன்ன போ," என்று கையைக் கழுவிக்கொண்டு எழுந்துவிட்டார். எதிராளி வரும்போது பின்னால் போ என்பது ஒரு பட்டாளத்துக்காரருக்கு எவ்வளவு பெரிய அவமானம் என்று அரைமணி நேரம் எனக்குப் பாடம். பையன் தோளுக்கு அவமானம் இல்லையா என்று கேட்டேன்.

இனி நான் செய்ததைச் சொல்கிறேன். சொல்லக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் சொல்லாமல் உன்னைத் திட்ட எனக்கு யோக்கியதை இல்லை. நாலு வருஷத்துக்கு முன்னால் உன் தோள் முதல் தடவை நழுவிய அந்த ஆட்டம் முடிந்த மறுநாள், நீ உள்ளே கட்டிலில் படுத்திருக்கிறாய். அட்ஜுதான் உன்னைப் பார்க்க வந்தார். பார்த்துவிட்டுக் கொல்லைப் பக்கம் வந்தார். நான் சட்டைகளை ஊறப் போட்டுக்கொண்டிருந்தேன். "நீங்கதான் எல்லாத்தையும் பாக்குறீங்க. சொல்லுங்க, நான் இன்னும் ஆடலாமா?" என்று கேட்டார். விளையாட்டாகக் கேட்கவில்லை. அந்த முகம் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. அவருடைய சட்டை என் கையில் இருந்தது, உலர்ந்த சட்டை, மடித்து வைத்தால் மறுபடி போடலாம். உன் அப்பா அவருக்குப் பின்னால் நின்றுகொண்டு எனக்குக் கண்ணைக் காட்டுகிறார். நான் சிரித்துக்கொண்டே, "என்ன அண்ணே இப்படிக் கேக்குறீங்க, தொவைக்கிறதுக்கு ரொம்பக் கஷ்டம் உங்க சட்டைதான்," என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். அதற்கப்புறம் யாரையும் கேட்கவில்லை.

உன் அப்பா கண்ணைக் காட்டியதால் சொன்னேன் என்று இத்தனை நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அது பாதிதான் நிஜம். அவர் வீட்டில் ஒரு பெண் கான்வென்டில் படிக்கிறாள், நல்ல பிள்ளை, நாளைக்கு நம் வீட்டுக்குக் கேட்கலாம் என்று எனக்கு அப்போதே ஒரு நினைப்பு. அந்த வீட்டோடு முகம் கோணக் கூடாது என்று பார்த்தேன். உள்ளே நீ வலியில் முனகுகிற சத்தம் எனக்குக் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. அதைக் கேட்டுக்கொண்டே அந்தப் பொய்யைச் சொன்னேன். இரண்டு வருஷம் கழித்து, சென்னை அணி வந்தபோது உன் தோள் மறுபடி நழுவியது. அன்றைக்கு உன்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போன ரிக்‌ஷாவில் நான் ஒரு வார்த்தை பேசவில்லை. பயத்தில் பேசவில்லை என்று நினைத்திருப்பாய். அதற்கு வேறு காரணம் இருந்தது, இப்போது உனக்குத் தெரிந்துவிட்டது. இந்த ஒரு விஷயத்துக்காக உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். மற்ற எதற்கும் கேட்க மாட்டேன்.

நேற்று உன் படத்தைப் பார்த்த பிறகு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. சாயங்காலம் புடவையை மாற்றிக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். கல்யாண விஷயமாக வந்திருக்கிறேன் என்று நினைத்து ரோசலியின் அம்மா காபி போட உள்ளே போய்விட்டாள். அவர் கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்து பூட்சுக்கு மை தேய்த்துக்கொண்டிருந்தார். நாலு வருஷத்துக்கு முன்னால் நீங்கள் கேட்டதற்கு நான் பொய் சொன்னேன், உங்கள் சட்டை அன்றைக்கும் அழுக்கில்லை, அதற்கப்புறம் ஒரு நாளும் அழுக்கில்லை என்று சொல்லிவிட்டேன். செம்பட்டை முடிக்காரனைப் பற்றிச் சொன்னேன். உன் தோளைப் பற்றி டாக்டர் சொன்னதைச் சொன்னேன். சூசையை முன்னால் கொண்டுவருவதைச் சொன்னேன். சம்பந்தம் போயிற்று என்றே நினைத்தேன்.

அவர் பூட்சைக் கீழே வைத்தார். கோபிப்பார் என்று பார்த்தால் கோபிக்கவில்லை. "பட்டாளத்துல எனக்கும் மேல ஆளு இருந்தாங்க, சம்பந்தியம்மா," என்றார். "பின்னால போன்னு உத்தரவு வந்தா போவோம். எத்தனையோ தடவை போயிருக்கேன். அதுல என்ன அவமானம்? இங்க எவனும் சொல்லலியே. நானா போனா ஓடிட்டான்னு பேசுவானுங்க. எவனாவது சொல்லுவான், சொல்லுவான்னு நானும் பாத்துக்கிட்டுதான் இருக்கேன்." கேட்டாயா? நாலு வருஷம். உன் அப்பா, அந்த சார்ஜன்கள், நான், நீ, எல்லாரும் ஒரு மனுஷன் மனசு நோகக் கூடாது என்று ஆளுக்கொரு பக்கம் ஒதுங்கி நின்றிருக்கிறோம். அவர் நடுவில் தனியாக நின்று, யாராவது வாயைத் திறக்க மாட்டார்களா என்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். எனக்கு யார் மேல் கோபப்படுவது என்றே தெரியவில்லை.

அப்படியானால் ஞாயிற்றுக்கிழமை பின்னால் நிற்கிறீர்களா என்று கேட்டேன். உடனே சரி என்று சொல்லியிருந்தால் இந்தக் கடிதத்தை நான் எழுதவே வேண்டியதில்லை. அவர் மாட்டேன் என்றார். "நீங்க சொன்னதுக்காக நான் எடம் மாற மாட்டேன். எனக்குப் பக்கத்துல நிக்கிறவன் அவன். அவன் வந்து சொல்லட்டும், அந்த நிமிஷமே போயிடுறேன். அம்மா வந்து சொல்லி நான் ஒதுங்கினா, நாளைக்கு என் மூஞ்சியில அவன் எப்படி முழிப்பான்?" உங்கள் பையன் வாயைத் திறக்கவில்லை என்றால் நான் பத்தாம் இடத்தில்தான் நிற்பேன் என்று தீர்மானமாகச் சொல்லிவிட்டார். நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். அவருடைய பிடிவாதத்தைக் கண்டு எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனால் வழி நெடுக யோசித்துப் பார்த்ததில் அவர் சொன்னதில் தப்பில்லை என்று பட்டது.

வாசல்படி இறங்கும்போது ரோசலி பின்னால் வந்தாள். எல்லாவற்றையும் உள்ளிருந்து கேட்டிருக்கிறாள். "அவரு வந்து சொல்லுவாரா அத்தே?" என்று கேட்டாள். சொல்லுவான், ஏன் சொல்லாமல் என்றேன். அவள் சமாதானமாகவில்லை. "சொல்ல மாட்டாரு அத்தே. எங்கப்பா எது சொன்னாலும் சரிம்பாரு. நான் எது எழுதினாலும் சரின்னுதான் பதில் வருது. நிச்சயமாகி எட்டு மாசமா ஒண்ணுக்குக்கூட வேணாம்னு எழுதினது இல்ல. அப்படின்னா நான் கல்யாணம் பண்ணிக்கிட்டு யார் கூட பேசுறது?" என்றாள். அவள் அழவில்லை. சாதாரணமாகத்தான் கேட்டாள். நாளைக்கு வருகிறேன் என்று ஏதோ உளறிவிட்டு நடந்து வந்துவிட்டேன்.

யாருக்கும் எதிர்த்துப் பேசாத பிள்ளை என்று தெருவெல்லாம் உன்னைப் புகழ்ந்தபோது நானும்தான் பூரித்துப் போனேன். உன்னை அப்படி வளர்த்தவள் நான், அந்தப் புகழ்ச்சிக்கு ஆசைப்பட்டவளும் நான். அதனால் இப்போது உன்னைத் திட்டுகிற வார்த்தை எல்லாம் பாதி என் மேலேயே விழுகிறது. இருந்தாலும் திட்டத்தான் செய்வேன். ஒருவர் மனசு நோகும் என்று வாயை மூடிக்கொண்டு, அவருக்காக உன் கையை உடைத்துக்கொள்வதற்குப் பெயர் மரியாதை இல்லை. அவரை நம்பவில்லை என்று அர்த்தம். சொன்னால் தாங்க மாட்டார் என்று நீயாகவே முடிவு கட்டிவிட்டாய் என்று அர்த்தம். நானும் அப்படித்தான் முடிவு கட்டினேன், எனக்கு நாலு வருஷம் ஆயிற்று அது தப்பென்று தெரிய. உனக்குச் சனிக்கிழமை வரை இருக்கிறது.

இந்தக் கடிதம் வியாழக்கிழமை உன் கைக்குக் கிடைத்துவிடும். சனிக்கிழமை சாயங்கால வண்டிக்கு உன் அப்பா சைக்கிளை எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்கு வருவார். பையை அவரிடம் கொடுத்து அனுப்பிவிடு. நீ வீட்டுக்கு வராதே. அம்மாவைப் பார்த்துவிட்டு, குளித்துவிட்டு, சாப்பிட்டுவிட்டுப் போகலாம் என்று நினைப்பாய். வந்தால் நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று தோன்றிவிடும், எனக்கு உன்னைத் தெரியாதா? நேரே அவர்கள் வீட்டுக்குப் போ. உட்காரச் சொல்வார், உட்காராதே. "மாமா, அவங்க பந்தை எடுத்தா நீங்க பின்னால நில்லுங்க, சூசை முன்னால வரட்டும்." இவ்வளவுதான். தோள் வலி, டாக்டர், அம்மா என்று ஒன்றையும் சேர்த்து மழுப்பாதே. அவர் முகம் மாறினாலும் பேச்சை மாற்றாதே. அவர் கோபித்துக்கொண்டு கல்யாணமே வேண்டாம் என்று சொன்னாலும் சரி என்று எழுத எனக்குக் கை வரவில்லை, ஆனாலும் எழுதுகிறேன், சரி.

அப்புறம் ரோசலி உள்ளிருந்து வருவாள். அவள் உன்னிடம் ஏதாவது கேட்பாள். காபி குடிக்கிறீர்களா என்று கேட்பாளோ, ஞாயிற்றுக்கிழமை எந்தப் பக்கம் உட்கார்ந்து பார்க்கட்டும் என்று கேட்பாளோ, எனக்குத் தெரியாது. எதைக் கேட்டாலும் உன் மனசில் என்ன இருக்கிறதோ அதைச் சொல். வேண்டாம் என்றால் வேண்டாம் என்று சொல். அவள் முகத்தைப் பார்த்துச் சொல். எட்டு மாதமாக அந்தப் பெண் அதைக் கேட்கத்தான் காத்துக்கொண்டிருக்கிறாள்.

இப்படிக்கு,
உன் அம்மா